ஞாயிற்றுக்கிழமை பொழுதோட வரும் வெசனம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கிரைண்டரைப் போடுவார். முதலில் உளுந்து, அப்புறம் அரிசி. கல் உருளும் அந்தக் கடகடச் சத்தம் கேட்டதும் என் அடிவயிற்றில் ஏதோ ஒன்று இறங்கும். அதுவரை நன்றாகத்தான் இருந்திருப்பேன். மத்தியானம் கறிச்சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு, எழுந்து டீ குடித்து, டிவியில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பேன். மாவாட்டும் சத்தம் வந்ததும், நாளைக்குத் திங்கட்கிழமை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். மனசுக்குக்கூட அப்புறம்தான் தெரியும்.

"ஏன் கண்ணு, மூஞ்சி சுண்டிக் கெடக்குது?" என்பார் அம்மா.

"ஒன்னுமில்லீங்ம்மா."

உண்மையிலேயே சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது சரக்கு வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பது. வேலை பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் யாரையோ திட்டிக்கொண்டு, யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருப்பேன். ஞாயிறு ஐந்து மணியிலிருந்து தூங்கப் போகும்வரை இருக்கும் அந்த ஆறு மணி நேரம்தான் சிக்கல்.

கொங்குப் பக்கம் இதற்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது: வெசனம். பயமும் இல்லை, துக்கமும் இல்லை, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தது. 'பொழுதோட' என்றால் எங்கள் ஊரில் சாயங்காலம். அந்த நேரத்து வெசனம் எங்கிருந்து வருகிறது, உடம்புக்குள் என்ன நடக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன்.

இது எது இல்லை

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பதில்கள் உடனே வரும். பெரியவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் "செம டிப்ரஷன்ப்பா" என்பார்கள். யூடியூபில் பேசுகிறவர்கள் உனக்குப் பிடித்த வேலைக்கு மாறு என்பார்கள்.

சோம்பேறிக்கு நாளைய வேலையைப் பற்றிக் கவலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டு ஷிப்மென்ட் தேதியை எண்ணுகிறவன் வேலையின்மேல் கொஞ்சம் அதிகமாகவே அக்கறை உள்ளவன். டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோய் கிழமை பார்த்து வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். திங்கள் மத்தியானமே கரைந்துவிடுவது வேறு வகை. பிடித்த வேலையில் இருக்கிறவர்களுக்கும் இது வருகிறது. நான் பார்த்த வரையில் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு நிறையவே வருகிறது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் முடிக்காத ஞாயிறுகளில் வருகிறது. சின்ன வயதில் நமக்கும் வந்ததுதான்.

மனநல ஆட்கள் இதை எதிர்நோக்குப் பதற்றம் என்கிறார்கள். நடந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து வருவது பயம். நடக்கப்போவதாக மனசு நினைக்கிற ஒன்றுக்கு உடம்பு இப்போதே தயாராவது எதிர்நோக்குப் பதற்றம். அதில் 'இப்போதே' என்பதுதான் கோளாறு.

தோட்டத்துச் சாளையில் ஒரு நாய்

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில், குடியிருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் கட்டியிருக்கும் நாய் குரைக்கிறது. தென்னைக்குப் பக்கத்தில் ஏதோ நிழல். திருடனா, பக்கத்துத் தோட்டத்துக்காரரா, காற்றில் ஆடும் மட்டையா என்று நாய்க்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவும் செய்யாது. முதலில் குரைத்துவிடும். வீட்டுக்காரர் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்து, "நம்ம ஆளுதான், சும்மா கெட" என்று ஓர் அதட்டுப் போட்டால் அடங்கிவிடும்.

மூளைக்குள்ளும் இப்படி ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அமிக்டலா என்று பெயர். பாதாம் பருப்பு அளவில், தலைக்கு இரண்டு பக்கமும், காதுக்கு உட்புறமாக இருக்கிறது. பயம் மொத்தமும் அங்கேதான் பிறக்கிறது என்று சொன்னால் அது மிகை. ஆபத்தாக இருக்கலாம் என்று தோன்றுகிற எதற்கும் முதல் மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது, அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்க்கிற வீட்டுக்காரர் வேலையை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி செய்கிறது.

நாயைப் பற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருடன் என்று தெளிவாகத் தெரிந்தால் அது பாய்ந்துவிடும். இன்னது என்று தெரியாத நிழலைப் பார்த்துத்தான் விடாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். மனிதர்களும் அப்படித்தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின் அதிர்ச்சி. கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் அவர்களுடைய பதற்றம் உச்சத்தில் இருந்தது.

'திங்கட்கிழமை' என்பது அந்தக் கல் மாதிரி. அடியில் பாம்பு இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். ஞாயிறு சாயங்காலம் கல்லைப் புரட்டிப் பார்க்கவும் வழியில்லை.

கேட்வால்வு மூடியிருக்க, மோட்டார் மட்டும் ஓடுகிறது

நாய் குரைத்ததும் வீடே எழுந்துகொள்கிற மாதிரி, மூளையில் மணி அடித்ததும் உடம்பு எழுந்துகொள்கிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து இரண்டு சரக்கு இறங்குகிறது. முதலாவது அட்ரினலின். இது சில நொடிகளில் வேலை செய்யும். நெஞ்சு வேகமாக அடிக்கும், உள்ளங்கை ஈரமாகும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். அடிவயிற்றில் ஏதோ இறங்கியது என்று சொன்னேனே, அதில் இதற்குப் பங்கு உண்டு. இரண்டாவது கார்டிசால். இது மெதுவாக ஏறி ரொம்ப நேரம் நிற்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடவோ சண்டை போடவோ தேவையான எரிபொருளைத் தயாராக வைக்கும்.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். எதிரில் பாம்பு இருந்தால் ஓடி, சரக்கைச் செலவழித்துவிடலாம். ஞாயிறு சாயங்காலம் எதிரில் இருப்பது டிவி.

தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு கேட்வால்வைத் திறக்க மறந்தவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் பைப் அதிரும், மோட்டார் சூடேறும். மோட்டாரில் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை, பாய வேண்டிய வயல் இன்னும் திறக்கவில்லை. ஞாயிறு பொழுதோட நம் உடம்பு இருக்கும் நிலை அதுதான். திங்கள் ஒன்பது மணிக்கு வேலை கைக்கு வந்ததும் வால்வு திறந்துவிடுகிறது. பதினோரு மணிக்கு சௌக்கியமாக இருப்பதன் ரகசியம் வேறொன்றுமில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: தெளிவில்லாத ஒன்றைப் பார்த்து மூளை மணி அடிக்கிறது. உடம்பு வேலைக்குத் தயாராகிறது. வேலை வர இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் உடம்பு சும்மா சூடேறுவதைத்தான் நாம் வெசனம் என்கிறோம்.

ஞாயிறு என்ன பாவம் செய்தது?

1919-லேயே ஹங்கேரியைச் சேர்ந்த மனப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வரும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பேசியது ஓய்வு நாளே உடம்புக்கு ஒத்துவராத ஆட்களைப் பற்றி. நம் சங்கதி ஓய்வு முடியப்போகிறதே என்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இந்த வெசனத்துக்கு வயது அதிகமில்லை. மாட்டுக்கு ஞாயிறு தெரியாது. பால் கறக்க விடிகாலை எழுந்தவர்களுக்கு வாரம் என்பது சந்தை நாளை வைத்து எண்ணுவது. கோயமுத்தூரின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-ல். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-ல், நாராயண் மேகாஜி லோகாண்டே வருடக்கணக்கில் போராடிய பிறகு. சங்கு ஊதி உள்ளே போய், சங்கு ஊதி வெளியே வரும் வாழ்க்கை வந்த பிறகுதான் 'லீவு முடிகிறது' என்று ஒரு நேரமே உண்டானது. அதனால் கிழமைக்கு இதில் வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை உள்ள கடைக்காரப் பையனுக்குச் செவ்வாய் சாயங்காலம் வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனி ஆட்கள், அவசர ஷிப்மென்ட்டுக்காக ஞாயிறும் மெஷினில் உட்கார்ந்தால் அந்த வாரம் அவர்களுக்கு இது வருவதே இல்லை. வேறு கஷ்டம் வரும், அது வேறு கதை.

என் அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன், உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதோட ஒரு மாதிரி இருக்குமா என்று. "எனக்கு எந்தக் கெழமையும் ஒன்னுதான் கண்ணு" என்றார். கிரைண்டரை நிறுத்தாமலேதான் சொன்னார்.

கிரைண்டருக்கு வருவோம். கோயமுத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரிய பொருள், அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தச் சத்தம் ஏன் என் வயிற்றைக் கலக்குகிறது? இங்கேயும் நாய்தான் வருகிறது, ஆனால் ரஷ்யாவில். இவான் பாவ்லோவ் நாய்களுக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தார். கொஞ்ச நாளில் சாப்பாடே வராவிட்டாலும் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறியது. சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் மூளை இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடும். இதற்குப் பெயர் பழக்கவழிக் கற்றல். இருபது வருடமாக மாவாட்டிய மறுநாள் பள்ளிக்கூடம், மாவாட்டிய மறுநாள் காலேஜ், மாவாட்டிய மறுநாள் ஆபீஸ். உங்களுக்கு இது யூனிஃபார்ம் தேய்க்கும் வாசனையாக இருக்கலாம், டிவியில் ஒரு நிகழ்ச்சியின் ஆரம்ப இசையாக இருக்கலாம், கோபியில் அப்பன் வீட்டிலிருந்து கிளம்பி காந்திபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும் நேரமாக இருக்கலாம். எது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிடுங்கள். காரணமே இல்லாமல் வருகிறது என்கிற மிரட்சி அதிலேயே பாதி போய்விடும்.

பாதியில் விட்ட வேலை

வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ கிளம்பும் அவசரத்தில் நாலைந்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறோம். முடிக்காத வேலை மனசில் தொக்கி நிற்கும் என்று பெர்லினில் ஆராய்ச்சி செய்த ப்ளூமா ஜைகார்னிக் 1927-ல் எழுதினார். முடித்த வேலைகளைவிட, நடுவில் நிறுத்தப்பட்டவை அவருடைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஜைகார்னிக் விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். பிற்பாடு செய்து பார்த்தவர்களில் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நமக்கு அதிகம் உபயோகப்படுவது 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கண்டது. முடியாத வேலை குறுக்கே வந்து மனசைத் தொல்லை செய்வது உண்மை. ஆனால் தொல்லை நிற்க வேலையை முடிக்க வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று குறிப்பாக ஒரு திட்டம் போட்டாலே நின்றுவிடுகிறது. மனசு கேட்பது வேலை முடிந்ததா என்று அல்ல, ஆள் பொறுப்பு ஏற்றுக்கொண்டாரா என்றுதான். கடன்காரனுக்கு ஒரு தேதி சொல்லி அனுப்புகிற மாதிரி.

சனி ஞாயிறு சவூதி நேரம்

இந்தப் பகுதியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஞாயிறு ராத்திரித் தூக்கம் கெடுவதற்கு வெசனம் மட்டும் காரணமில்லை, கடிகாரமும் காரணம்.

வார நாட்களில் ராத்திரி 11-க்குப் படுத்துக் காலை 6-க்கு எழுகிறீர்கள் என்று வையுங்கள். தூக்கத்தின் நடுப்புள்ளி 2:30. சனி ராத்திரி படம் பார்த்து 1 மணிக்குப் படுத்து 9-க்கு எழுந்தால் நடுப்புள்ளி 5:00. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். இந்தியாவுக்கும் சவூதிக்கும் அதே இரண்டரை மணி நேரம்தான். டிக்கெட் எடுக்காமல் சனி ஞாயிறு ரியாத்தில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை விடிகாலை பெருந்துறையில் கண் விழிக்கிறோம். ஜெர்மனியைச் சேர்ந்த டில் ரோனபெர்க்கும் அவர் கூட்டத்தாரும் 2006-ல் இதற்குச் சமூக ஜெட்லாக் என்று பெயர் வைத்தார்கள். விமானப் பயணம் இல்லாமல், வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் இடையில் உடம்புக் கடிகாரம் படும் பாடு.

அதன்மேல் கறிச்சோறு தின்ற மத்தியானத் தூக்கம், நாலரை வரை. அதன்மேல் ஐந்து மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி. காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், பத்து மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது. பதினொன்றுக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? தூக்கம் வராமல் கிடக்கும்போது மனசு சும்மா இருக்காது, ஒரு காரணம் தேடும். வேலைதான் கையருகே இருக்கிறது. "நாளைக்கு நெனச்சே தூக்கம் வரலை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நாள் உண்மையில் அது நேர்மாறாக நடந்திருக்கும்.

ஆக, தெளிவில்லாத நாளை, பழகிப்போன ஒரு சத்தம், பாதியில் விட்ட வேலை, இடம் மாறிய தூக்கம். நாலும் ஒரே சாயங்காலத்தில் வந்து சேருகின்றன.

சரி, என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாத ஒன்று. "அதை நெனைக்காதே" என்று மனசுக்குக் கட்டளை போடாதீர்கள். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்கக் கூடாது என்ற கதை நம் எல்லாருக்கும் தெரியும். அதுவரை குரங்கு நினைப்பே இல்லாதவனுக்கு அதற்கப்புறம் டம்ளரைத் தூக்கினாலே குரங்கு வரும். டேனியல் வெக்னர் என்பவர் 1987-ல் இதே பரிசோதனையை வெள்ளைக் கரடியை வைத்துச் செய்தார். அவர் ஆட்களுக்கும் கரடி வந்துகொண்டேதான் இருந்தது.

செய்ய வேண்டியது டார்ச் அடிப்பது. ஒரு காகிதம், ஒரு பேனா, பத்து நிமிஷம். போனில் வேண்டாம், போனைத் திறந்தால் ஆபீஸ் குரூப் கண்ணில் படும். என் காகிதம் ஒன்றை அப்படியே காட்டுகிறேன். முதலில் எழுதியது: "நாளைக்கு நெனச்சாலே ஒரு மாதிரியா இருக்கு." இது நிழல். எது ஒரு மாதிரி என்று அடுத்த வரியில் கேட்டேன். "பதினோரு மணி மீட்டிங்." மீட்டிங்கில் என்ன? "நேவி ப்ளூ லேப் டிப் ரெண்டாவது தடவையும் பையர் ரிஜெக்ட் பண்ணிட்டான். ஜி.எம். எல்லாருக்கும் முன்னாடி கேப்பார்." லேப் டிப் என்றால் மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றும் முன் பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் சின்னத் துண்டு. ஜி.எம். என்பது எங்கள் ஜெனரல் மேனேஜர். இப்போது நிழலுக்கு மூஞ்சி வந்துவிட்டது. அதற்குக் கீழே இரண்டு வரி: "9:15, டையிங் மாஸ்டருக்குப் போன், மூணாவது துண்டு என்னைக்கு வரும்னு கேக்கணும். 10 மணிக்குள்ள ஜி.எம். ரூமுக்கு நானே போய்ச் சொல்லிரணும்."

அவ்வளவுதான். சாயம் சரியாகிவிடவில்லை, ஜி.எம். சாந்தமாகவும் இல்லை. ஆனால் நாய் குரைப்பதை நிறுத்தியது. எழுதும்போது நேரத்தையும் முதல் அசைவையும் எழுதுவது முக்கியம். "லேப் டிப் பாக்கணும்" என்பது திட்டம் இல்லை, அது இன்னொரு நிழல்.

படுக்கப் போகும் முன் எழுதினாலும் பலன் உண்டு. அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். பாதிப் பேர் முடித்த வேலைகளையும், மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் ஐந்து நிமிஷம் எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் சீக்கிரமாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிஷம் பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் ஒரு தாளுக்குக் கிடைக்கும் கூலியாக மோசமில்லை. என் கட்சி, சாயங்காலம் ஐந்து மணிக்கே எழுதிவிடுவது. வெசனம் தொடங்கும் நேரத்தில் பிடித்தால் ஆறு மணி நேரம் மிச்சம்.

இதைவிட நல்லது, வாரக் கடைசியில் ஆபீஸைவிட்டுக் கிளம்பும் முன்பே எழுதி மேசையில் வைப்பது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கை முடித்துத்தான் ஷட்டரை இறக்குவார்கள். எந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது, திங்கட்கிழமை முதலில் எதைத் தொட வேண்டும் என்று நாலு வரி போதும். நான் பத்து வாரத்தில் ஆறு வாரம் செய்கிறேன். செய்யாத நாலு வாரம் எது என்று ஞாயிறு ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும்.

வால்வைத் திறப்பது இரண்டாவது. உடம்பு தயாரித்து வைத்த சரக்கைச் செலவழிக்க வேண்டும். அரை மணி நேரம் வேக நடை. ரேஸ்கோர்ஸில் நடந்தாலும் சரி, தென்னந்தோப்பு வரப்பில் நடந்தாலும் சரி. அது முடியாவிட்டால் வண்டியைக் கழுவுங்கள், மாடிப்படி துடையுங்கள். உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பது மட்டும் உதவாது.

தூக்கத்துக்கு: ஞாயிறு காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி எழாதீர்கள். எழுந்ததும் வெளி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், காலை வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி. மத்தியானத் தூக்கத்தை மூன்று மணிக்குள், அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கறிச்சோற்றுக்கு அப்புறம் இது நடக்கிற காரியமா என்று கேட்டால், எனக்கும் பாதி நாள் நடப்பதில்லை. தூக்கத்துக்காகக் குடிக்கிறவர்கள் உண்டு. சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கணக்குப் பார்த்தால் நஷ்டம்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பார்க்காமல் இருக்க முடிந்தவர்கள் பார்க்காதீர்கள். முடியாதவர்கள் ஒரே ஒருமுறை, காகிதத்தை எழுதும் நேரத்தில் பார்த்து, வந்ததைத் தாளில் ஏற்றிவிட்டு மூடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது அடங்கிய நாயைக் குச்சியால் குத்துகிற வேலை.

திங்கள் காலையைப் பற்றியும் ஒன்று. கண் விழித்த முதல் 30 முதல் 45 நிமிஷத்தில் எல்லாருக்கும் கார்டிசால் ஏறும். உடம்பு தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. விடுமுறை நாளைவிட வேலை நாளில் இந்த ஏற்றம் அதிகம் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் காலை ஆறரைக்குப் பல் விளக்கும்போது உலகம் இருண்டு தெரிந்தால், அதை அன்றைய நாளுக்கான ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் வேலையை விடுகிற முடிவும் எடுக்க வேண்டாம்.

நிஜமாகவே திருடன் வந்திருந்தால்

சில வீடுகளில் நாய் சரியாகத்தான் குரைக்கிறது. தினமும் அவமானப்படுத்தும் மேலாளர், மூன்று மாதமாக வராத சம்பளம், கூடத் தனியாக இருக்கவே பயப்பட வேண்டிய ஆள், மனிதனால் முடிக்கவே முடியாத டார்கெட். இங்கே காகிதமும் நடையும் மருந்தல்ல. காகிதத்தில் வாராவாரம் ஒரே வரி வருகிறதா என்று பாருங்கள். வரி மாறிக்கொண்டே இருந்தால் அது சாதாரண வெசனம். எட்டு வாரமாக ஒரே ஆளின் பெயர் வந்தால் பிரச்சினை உங்கள் மனசில் இல்லை, அந்த மேசையில் இருக்கிறது. பேச வேண்டியவர்களிடம் பேசுவதோ, வேறு இடம் பார்ப்பதோதான் வழி.

வீட்டில் மாவு, யூனிஃபார்ம், டிபன், பாத்திரம், அதோடு மறுநாள் ஆபீஸ் என்று ஞாயிறு சாயங்காலமே இன்னொரு ஷிப்டு தொடங்குகிற பெண்களுக்கும் இதே பதில்தான். அவர்களிடம் போய் மூச்சுப் பயிற்சி செய் என்பது அநியாயம். சுமையில் பாதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதற்றம் ஞாயிறோடு நிற்காமல் வாரம் முழுக்க ஓடினால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மூச்சு முட்டி நெஞ்சு படபடத்தால், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச டெலி மானஸ் 14416, 2022 முதல் இயங்கும் அரசு சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கிரைண்டர்

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு அம்மாவிடம் போய், மாவைச் சனிக்கிழமையே ஆட்டிவிடலாமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

"சனிக்கெழமை ஆட்டுனா செவ்வாக்கெழமைக்குப் புளிச்சுப் போயிருங் கண்ணு. அப்பறம் தோசை யாரு திங்கறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு நானே உளுந்தைப் போட்டுவிடுகிறேன், அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, முழங்காலில் காகிதம். உளுந்து பொங்கி வருவதற்குள் நாளைய வேலைகள் வந்துவிடும், அரிசி ஓடும்போது நேரத்தைக் குறித்துவிடுவேன். அந்தச் சத்தத்துக்கும் என் வயிற்றுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், தளர்ந்திருக்கிறது. தாளில் அங்கங்கே மாவுக் கறை இருக்கும். போன வாரம் ஜி.எம். ரூமில் அதை எடுத்தபோது, இது என்ன வெள்ளையாக என்று கேட்டார்.